கப்பலில் இருந்தே பார்ப்பதா, சின்னப் படகில் இறங்குவதா? அலாஸ்கா பனியாறு பார்க்கப் போகும் சென்னைக்காரர்களுக்கு

ஏப்ரல் வந்தால் நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் பாதி வீடுகளில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பையனோ பெண்ணோ சியாட்டிலிலோ சான் ஹோசேயிலோ இருப்பார்கள். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் இங்கிருந்து கிளம்பி, அங்கே மூன்று நான்கு மாதம் பேரக்குழந்தையோடு இருந்துவிட்டு வருவது வழக்கம். அப்பா அம்மாவை ஒரு வாரம் அலாஸ்கா க்ரூஸ் கூட்டிப்போவதும் இப்போது அந்த வழக்கத்தோடு சேர்ந்துகொண்டது. டிக்கெட் போட்டாயிற்று, ரூம் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் கப்பல் கம்பெனியின் எக்ஸ்கர்ஷன் (தனிக் காசு கட்டிப் போகும் சின்னச் சுற்றுலா) பட்டியல் வரும். அதில் ஒன்று, கப்பல் தண்ணீரில் நிற்கும்போதே அதன் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னப் படகுக்கு மாறி, பனியாற்றுக்கு, அதாவது மலையில் இருந்து மெல்ல நகர்ந்து கடலுக்கு இறங்கும் கிளேசியருக்கு, பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவது. ஆளுக்கு சுமார் 250, 300 டாலர் ஆகும். நான்கு பேர் என்றால் கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபாய்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது அத்தை கேட்டது நியாயமான கேள்விதான். "ஏன்டா, கப்பல்லயே தானே போறோம், அதுல இருந்து இறங்கி இன்னொரு படகு எதுக்கு?"

"கப்பல் போக முடியாத இடத்துக்கு அது போகும் அத்தை."

"அப்ப கப்பல்காரன் எதைக் காட்டறதாச் சொல்லிக் காசு வாங்கினான்?"

இதற்குப் பதில் உங்கள் கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. படகு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பாதிப்பேர் ஆஹா என்பார்கள், பாதிப்பேர் தண்டம் என்பார்கள், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அவர்கள் போன இடங்கள் வேறு. ஆகவே பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் டிக்கெட்டில் பனியாறு நாளன்று என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கிளேசியர் பே, ஹப்பார்ட், எண்டிகாட் ஆர்ம்.

கிளேசியர் பே என்றால் கவலையே வேண்டாம். அது தேசியப் பூங்கா, ஒரு நாளைக்கு இரண்டு பெரிய க்ரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன் கப்பல்கள்தான் அங்கே அதிகம் போகும். காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் ஒரு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்வார்கள், நாள் முழுக்க மைக்கில் பேசிக்கொண்டே வருவார்கள். அவர்கள் சொல்கிற கதையே கேட்கத் தகுந்தது. 1700களின் நடுவில் அந்த விரிகுடா முழுக்க வாய்வரை பனியாக இருந்தது, 1794இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது கரையில் ஒரு சின்ன வளைவுதான் திறந்திருந்தது, 1879இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்தபோது பனி அறுபது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போய்விட்டது, இப்போது நூறு கிலோமீட்டருக்கு மேல். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஒரு மணி நேரம் போல நிற்கும், நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பும். அதனால் இடதுபக்க பால்கனியா வலதுபக்க பால்கனியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நீர்மட்டத்துக்கு மேல் 76 மீட்டர் உயரம், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம், கப்பலில் இருந்தே நன்றாகத் தெரியும். இங்கே கப்பலில் இருந்து படகுக்கு மாற்றுகிற ஏற்பாடும் இல்லை, தேவையும் இல்லை. ஹாலண்ட் அமெரிக்கா கப்பலில் பனியாறு நாளன்று டெக்கில் சூடாகப் பட்டாணி சூப் கொடுப்பார்கள். சைவக்காரர்கள் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஹப்பார்ட் வேறு ரகம். சுமார் 122 கிலோமீட்டர் நீளம், கடலில் முடியும் முகப்பு பத்து கிலோமீட்டர் அகலம். பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்குகிற காலத்தில் இது முன்னால் வந்துகொண்டிருக்கிறது. 1986இலும் 2002இலும் முன்னேறி வந்து பக்கத்தில் இருக்கும் ரஸ்ஸல் ஃபியோர்டின் (ஃபியோர்ட் என்றால் மலைகளுக்கு நடுவே உள்ளே போகும் ஒடுக்கமான கடல்) வாயையே அடைத்து, உள்ளே தண்ணீர் ஏரி மாதிரி நிரம்பி, பிறகு உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. இவ்வளவு பெரியதை நாலைந்து கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தாலும் பெரியதாகத்தான் இருக்கும், கிட்டப் போனால் ஒரு மூலைதான் தெரியும். சில கப்பல்களில் இங்கேயும் சின்னப் படகு டூர் விற்கிறார்கள். என்னைக் கேட்டால் இங்கே அந்தக் காசு கட்டாயம் இல்லை. தண்ணீரில் மிதக்கும் பனி அதிகமான நாளில் கப்பல் தொலைவிலேயே நின்றுவிடும், அந்த ஒரு நாளில் படகில் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஆனால் அதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

எண்டிகாட் ஆர்முக்குத்தான் இந்தக் கட்டுரை. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ ஊருக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளுக்கு நடுவே உள்ளே போகும் ஒடுக்கமான கடல் அது, கோடியில் டாவ்ஸ் பனியாறு. முன்பெல்லாம் பல கப்பல்கள் பக்கத்தில் இருக்கும் டிரேசி ஆர்முக்குப் போய்க்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் டிரேசி ஆர்மில், சவுத் சாயர் பனியாற்றுக்குப் பக்கத்தில், மலைச்சரிவு ஏற்பட்டு, அதில் எழும்பிய அலை எதிர்ப்பக்க மலைச் சுவரில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறியது. அதற்குப் பிறகு பல கம்பெனிகள் 2026க்கு எண்டிகாட் ஆர்முக்கு மாற்றிக்கொண்டன. ஆகவே பழைய வீடியோ பார்த்துவிட்டு டிரேசி ஆர்ம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எண்டிகாட் ஆர்மில் பெரிய கப்பலுக்கு ஒரு பிரச்சனை. கோடிப் பக்கம் ஃபியோர்ட் வளைகிறது, அங்கே பனிக்கட்டிகள் வந்து குவிந்துகிடக்கும், மூவாயிரம் நாலாயிரம் பேர் இருக்கும் கப்பலை அதற்குள் ஓட்டித் திருப்ப கேப்டனுக்கு மனசு வராது. சில நாள் பனியாறு தெரிகிற இடம்வரை போகும், சில நாள் பல கிலோமீட்டர் முன்னாலேயே நின்று திரும்பிவிடும், அன்று கப்பலில் இருப்பவர்களுக்கு மலையும் அருவியும் மிதக்கும் பனியும்தான். அவையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பனியாறு பார்க்கவென்று சென்னையில் இருந்து போகிறவருக்கு வளைவுக்குப் பின்னால் இருக்கிறது என்று மைக்கில் சொன்னால் எப்படி இருக்கும்? சின்னப் படகு அந்தப் பனிக்கு நடுவே வழி பார்த்து நுழைந்து போகும். இங்கேதான் காசுக்கு மதிப்பு.

படகு என்றதும் முட்டுக்காடு மோட்டார் போட்டை நினைக்க வேண்டாம். இரண்டு அடுக்கு கேட்டமரான் (இரட்டை அடிப்பகுதி கொண்ட படகு), உள்ளே ஹீட்டர் போட்ட கேபின், பெரிய ஜன்னல்கள், டாய்லெட், காபி எல்லாம் உண்டு. வெளியே நின்று பார்க்க டெக்கும் உண்டு. ஃபியோர்டுக்குள் தண்ணீர் குளம் மாதிரி அடங்கியிருக்கும் என்பதால் வாந்தி பயம் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் வாந்தி வரும் பழக்கமுள்ளவர்கள் அவோமின் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.

சிரமமான இடம் ஒன்றுதான், கப்பலில் இருந்து படகுக்கு மாறும் அந்த ஓர் அடி. காலையில் சீக்கிரமே, ஆறு ஏழு மணிக்குக் கூட, கூப்பிட்டுவிடுவார்கள். கப்பலின் கீழ்த்தளத்தில் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள், வெளியே படகு ஒட்டி நிற்கும், நடுவில் ஒரு சின்னப் பாலம் மாதிரி போட்டிருப்பார்கள். கப்பல் அசையாது, படகு மட்டும் மெதுவாக ஏறி இறங்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நேரம் பார்த்து இப்போது என்பார்கள், நாம் காலை எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் முழங்கால் மடங்காதவர்களுக்கு அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம். கைத்தடி வைத்து நடக்கிறவர்கள் கப்பலின் எக்ஸ்கர்ஷன் கவுண்டரில் முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. சக்கர நாற்காலி என்றால் பெரும்பாலும் ஒத்துவராது. எங்கள் அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தாண்டிவிட்டாள். மாமா அந்தக் கதவுவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் மேலே உக்காந்து பாத்துக்கறேன்" என்று திரும்பிவிட்டார். கடைசி நேரத்தில் திரும்பினால் பணம் வராது என்பதால் இந்த முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். எல்லாரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை.

உள்ளே போனபின் என்ன இருக்கிறது? முதலில் நிறம். பனிக்கட்டிகள் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போகிறோம், பாதி நீலமாக இருக்கிறது. நூற்றுக்கணக்கான வருஷம் மேலே விழுந்த பனியின் கனத்தில் காற்றில் பெரும்பகுதி பிழிந்து வெளியேறி இறுகின பனி அது. சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை வெளியே விடுகிறது, புதிதாக உடைந்த முகத்தில் அந்த நீலம் இன்னும் அடர்த்தி. பிறகு சீல்கள், அதாவது கடல்நாய்கள். மே கடைசியில் இருந்து ஜூலை ஆரம்பம் வரை தாய்ச் சீல்கள் குட்டிகளோடு பனித்துண்டுகளின் மேல் படுத்திருக்கும். படகுக்காரர்கள் அவற்றைக் கலைக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். இந்த சீல்களுக்காகவே கிளேசியர் பேயில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பகுதிக்குள் க்ரூஸ் கப்பல்களைக் கோடைகாலத்தில் விடுவதில்லை, செப்டம்பரில்தான் விடுவார்கள்.

மூன்றாவது, சத்தம். பனியாற்றின் முகத்துக்கு எதிரே போய் எஞ்சினைத் தணித்துவிடுவார்கள். சுற்றிலும் மிதக்கும் பனித்துண்டுகள் கரையும்போது உள்ளே அழுந்திக்கிடந்த பழைய காற்றுக் குமிழிகள் வெடிக்கும். நூறு இடத்தில் ஒரே நேரத்தில் கடுகு தாளிக்கிற மாதிரி அந்தச் சத்தம் தண்ணீர்மட்டத்தில் இருந்து வரும், பத்து மாடி உயர டெக்கில் நிற்கிறவருக்கு இது கேட்கவே கேட்காது. படகு வேலைக்காரப் பையன் ஒரு வலையைப் போட்டு ஒரு துண்டை எடுத்து, கைக்குக் கை மாற்றிவிட்டான், கண்ணாடி மாதிரி ஒரு குமிழ்கூட கண்ணுக்குத் தெரியாத துண்டு. எங்கள் குழந்தை அதை வாயில் வைக்கப் போய் அதட்டு வாங்கியது தனிக் கதை.

பனியாறு உடைந்து விழுகிறதைப் பற்றி ஒரு வார்த்தை. அது விழும் என்று யாரும் உறுதி கொடுக்க மாட்டார்கள். விழுந்தால், கப்பலுக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கப்பலில், விழுந்ததைக் கண்ணால் பார்த்து ஒன்பது விநாடி கழித்துத்தான் சத்தம் வந்து சேரும், அதற்குள் தண்ணீர் அடங்க ஆரம்பித்திருக்கும். படகில் காட்சியும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும், சற்று நேரத்தில் அலை வந்து படகைத் தூக்கிவிடும். அதனால்தான் இன்னும் கிட்டப் போங்களேன் என்று ஓட்டுநரிடம் கேட்கக் கூடாது. பொதுவாக நானூறு மீட்டராவது விட்டுத்தான் நிறுத்துவார்கள். மேலிருந்து விழுவது மட்டுமல்ல, நீருக்கடியில் இருக்கும் பகுதி பிய்த்துக்கொண்டு எதிர்பாராத இடத்தில் மேலே கிளம்பும் என்பதும் இந்தத் தூரத்துக்குக் காரணம்.

சரி, படகில் போனால் எதை இழக்கிறோம்? முதலாவது, கப்பலின் டெக்கில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிற சுகம். இரண்டாவது, நேரம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் போகும், பெரும்பாலும் படகு நம்மை மறுபடி கப்பலில் ஏற்றாமல் நேரே ஜூனோ துறையில் இறக்கிவிடும், கப்பல் அதற்குள் அங்கே வந்து நிற்கும். அதே மதியம் திமிங்கலம் பார்க்க இன்னொரு படகு பதிவு செய்வதாக இருந்தால் நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள். மூன்றாவது, படகும் பனியைப் பொறுத்துத்தான் போக முடியும். டூரே ரத்தானால் பணம் திரும்பும். போய்ப் பாதியில் பனி அடைத்துவிட்டால் பொதுவாகத் திரும்பாது. மே மாதத்தில் பனி அடைப்பு அதிகம், கட்டணமும் கூட்டமும் குறைவு. ஜூலை சௌகரியம். ஆகஸ்ட் கடைசியில் இருந்து ஜூனோ பக்கம் மழை வலுக்கும். பள்ளி லீவைப் பார்த்து மே என்று முடிவு செய்கிற சென்னைக் குடும்பங்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிலர், கப்பல்காரன் விலை அதிகம், ஜூனோவில் இறங்கி நாமே வேறு படகு பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்த விஷயத்தில் அது நடக்காது. ஃபியோர்டுக்குள் கப்பலில் இருந்து மாறுகிற டூரை கப்பல் கம்பெனி மட்டும்தான் விற்கும். ஜூனோவில் இருந்து கிளம்பும் தனிப் படகு கிட்டத்தட்ட முழு நாள் எடுக்கும், மதியம் வந்து இரவு கிளம்பும் கப்பல்காரர்களுக்கு அது ஒத்துவராது. தாமதமானால் நமக்காகக் கப்பல் காத்திருக்காது.

படகு வேண்டாம், ஆனால் பனியாற்றைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஜூனோவிலேயே மெண்டன்ஹால் இருக்கிறது. ஊரில் இருந்து 19 கிலோமீட்டர், கப்பல் துறையிலேயே பஸ் நிற்கும், போகவர ஆளுக்கு ஐம்பது டாலர் பக்கம். ஏரிக்கு அந்தப் பக்கம் பனியாறு, இந்தப் பக்கம் நக்கெட் அருவி. அருவிவரை சமமான பாதை, தள்ளுவண்டிக் குழந்தையோடும் போகலாம். மாமாவைப் போன்றவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் பனியாறு ஆண்டுதோறும் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, உடைந்து விழும் காட்சியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பஸ் சீட்டும் சில நாள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 2023இல் இருந்து தொடர்ந்து மூன்று ஆகஸ்ட் மாதங்களில் மேலே தேங்கிய பனிநீர் உடைத்துக்கொண்டு வந்து மெண்டன்ஹால் ஆற்றில் வெள்ளம் வந்தது. ஆகஸ்டில் போகிறவர்கள் முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹெலிகாப்டரில் போய் பனியின் மேலேயே இறங்குவது இன்னொரு வழி. படகைவிட நிறைய விலை, எடை அதிகமானவர்களுக்குக் கூடுதல் கட்டணம், மேகம் இறங்கினால் ரத்து. ஜூனோவில் மேகம் இறங்குவது சாதாரணம். காலில் பனியை மிதித்தேன் என்கிற ஆசை இருந்தால் போங்கள், ஆனால் இதையும் படகையும் ஒரே பயணத்தில் சேர்த்து வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

உடை விஷயத்தில் சென்னைக்காரர்கள் ஒன்று ஒரேயடியாக மூட்டை கட்டுவார்கள், இல்லாவிட்டால் கோடைதானே என்று ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஜூலையிலும் பனியாற்றுக்கு எதிரே ஐந்தாறு டிகிரிதான் இருக்கும், பனியின் மேல் இருந்து இறங்கி வரும் காற்று வேறு. உள்ளே ஒரு தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே மழை தாங்குகிற ஜாக்கெட், கையுறை. டெகாத்லானில் எல்லாம் கிடைக்கும். மார்கழி வாக்கிங்குக்குப் போடும் மங்கி குல்லாவைப் பேரன் பேத்தி கிண்டல் செய்தாலும் எடுத்துப் போங்கள், டெக்கில் கடைசிவரை நிற்க முடிந்தவர்கள் அதைப் போட்டிருந்தவர்கள்தான். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும், உள் பாக்கெட்டில் வையுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் க்ரூஸ் என்றாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா வேண்டும். 1886இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல்களை அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளைச் சுற்றிக்காட்ட விடுவதில்லை. அதனால் நடுவில் விக்டோரியா போன்ற ஒரு கனடா ஊரில் நிறுத்துவார்கள். அங்கே இறங்காமல் ரூமிலேயே இருந்துகொள்கிறேன் என்றாலும் விசா இல்லாவிட்டால் சியாட்டிலில் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். பிள்ளைகள் அங்கே கிரீன் கார்டு வைத்திருப்பதால் அவர்களுக்கு இந்த நினைப்பே வராது, கேட்டு நச்சரிக்க வேண்டியது நீங்கள்தான். சென்னையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். விசா கையில் வந்தபிறகு படகுக்குப் பதிவு செய்தால் போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், ஒரு படகில் கொள்வது குறைவான பேர்தான், சீக்கிரம் நிரம்பிவிடும். பயணத்துக்குச் சில நாள் முன்புவரை எக்ஸ்கர்ஷனை ரத்து செய்தால் பெரும்பாலான கப்பல்களில் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். கெடு எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பதிவு செய்யும்போதே அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, முழங்காலைப் பற்றி அதுவரை யோசிக்கலாம்.